லக்சம்பர்க்கின் பதினோராம் பக்கம்

பிரின்டரிலிருந்து சூடாக வரும் காகிதத்தின் வாசனை பட்டாலே எனக்கு லக்சம்பர்க் ஞாபகம் வந்துவிடுகிறது. நான் கால் வைக்காத நாடு. ஆனால் அதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன் நான்.

நியூ ஜெர்சி எடிசனில், வெளிநாட்டுக்கு மாற்றலாகும் ஊழியர்களுக்கு ‘கன்ட்ரி பிரீஃப்’ என்ற நாட்டுக் குறிப்பேடு தயாரிப்பது என் வேலை. நிலம், வரலாறு, அரசாங்கம், அன்றாட வாழ்க்கை.

1. படிக்காத பிரீஃப்

நம்மவர்கள் அதைப் படிப்பதில்லை. எழுதியவன் தமிழன் என்று தெரிந்தால் நேரே வந்து உட்கார்ந்து, “நீங்களே சொல்லிடுங்க” என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

பாஸ்கர் கிரீன் கார்டுக்குக் காத்துக் களைத்தவர். கம்பெனி அவரை லக்சம்பர்க்குக்கு அனுப்பத் தயாராக இருந்தது. மனைவி ஜெயந்தியையும் அழைத்து வந்தார். அவர் இங்கே ஐசியூ நர்ஸ்.

ஆரம்பித்தேன். வடக்கே காடும் குன்றும், தெற்கே விளைநிலம். சுற்றிலும் பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி. கடல் கிடையாது. ஒரு பெருங்கோட்டைக்காக அரசர்கள் மாறி மாறி மோதி, கடைசியில் ஒப்பந்தம் போட்டுக் கோட்டையையே இடித்த ஊர்.

“நம்ம செங்கல்பட்டு மாவட்டமே பெருசு போலயே!” என்றார் பாஸ்கர்.

“ஆனா கிராண்ட் டியூக்னு ராஜா உண்டு. ஆட்சி பண்றது பிரதமர். அறுபது எம்.பி.”

“அறுபதா? நம்ம பொங்கல் விழா கமிட்டில அதைவிட ஜாஸ்திங்க.”

ஜெயந்தி சிரிக்கவில்லை. “முரளி, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அங்க நான் நர்ஸா இருக்க முடியுமா? முடியாதுன்னா சொல்லிடுங்க. இங்கயே வெயிட் பண்றோம்.”

விடை பதினோராம் பக்கத்தில் இருந்தது: மருத்துவமனைப் பணிக்கு அந்நாட்டு மொழி ஒன்று தெரிய வேண்டும்; லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு அல்லது ஜெர்மன். பாஸ்கரின் முகத்தைப் பார்த்தேன். பல வருடங்களுக்குப் பிறகு வெயில் விழுந்த ஜன்னல்போல இருந்தது. அதை மூட எனக்குக் கை வரவில்லை.

“பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க. இங்கிலீஷ் போதுங்க, போய்ப் பாத்துக்கலாம்” என்றேன்.

2. ஓக் ட்ரீ ரோடு

மூன்று வருடம் கழித்து, உறவினர் கல்யாணத்துக்கு எடிசன் வந்திருந்த ஜெயந்தியை ஓக் ட்ரீ ரோட்டுத் தோசைக் கடையில் பார்த்தேன். இரண்டு முறை பிரெஞ்சுத் தேர்வில் தோற்றிருந்தார். அங்கே கிடங்கு ஒன்றில் பார்சலுக்கு லேபிள் ஒட்டுகிறாராம்.

“பேஷன்ட் வலிக்குதுன்னா எங்கன்னு கேக்கத் தெரியணும்ல? அவங்க ரூல் நியாயம்தான்” என்றார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால், அதற்கான பக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை பேசாதிருங்கள்.

காருக்குப் போனவரின் பின்னால் ஓடினேன். மன்னிப்பு கேட்கத்தான். “பிரீஃப்ல எழுதியிருந்தேங்க...” என்றுதான் வாயில் வந்தது.

அவர் கண்ணாடியை இறக்கினார்.

“ஃப்ளைட்ல படிச்சேன், முரளி. அன்னிக்கு நான் பேப்பரைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்.”