புல்மோட்டைக் கரையைத் தேடி இறங்கிய கப்டன்

நேற்றுக் காலை மீன் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி கிடைத்தது. துறைமுகத்தில் வேலைசெய்யும் அயலவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அக்கா, தவராசா கப்டன் விடியப்புறம் காலமாகிட்டாராம். நெஞ்சுவலி" என்றார். காசைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். வீடு வந்த பின்னர்தான் அது தெரிந்தது.

கப்டன் தவராசா அவர்கள் திருகோணமலையில் பிறந்தவர். உள்ளூர் விமானங்களை நெடுங்காலம் ஓட்டியவர். அவருடைய விமானத்தில் நான் பணிப்பெண்ணாக இருந்தேன். புறப்படுமுன் விமானத்தைத் தொட்டுத் தொட்டுச் சுற்றிவருவார். "சேர் கோயில் சுத்துறார்" என்று இளம் விமானிகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சுற்றுவதை விடமாட்டார்.

அறுபதுகளில் ஒரு மார்கழி மத்தியானம். பலாலியிலிருந்து, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தோம். கீழே எங்கும் முகில். நான் தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கையில் றப்பர் கருகும் மணம் வந்தது. விமானி அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே புகை.

"தம்பி, எல்லாக் கரண்டையும் நிப்பாட்டும்!" என்று துணை விமானிக்குச் சொல்லியபடி, அவரே சுவிட்சுகளை அடுத்தடுத்து அணைத்தார். விளக்குகள் போயின. றேடியோ ஊமையானது. எரிபொருள் அளவைக் காட்டும் முட்கள் விழுந்தன. எஞ்சின்களும் நின்றுவிடும் என்றே நினைத்தேன். அவை இரைந்துகொண்டேயிருந்தன.

"எஞ்சினுக்கு வேண்டிய பொறியை அதுவே உண்டாக்கும், பிள்ளை. பயப்பிடாதேங்கோ" என்றார், திரும்பிப் பாராமலே.

புகை மெல்லக் குறைந்தது. துணை விமானியின் முகம் வெளுத்திருந்தது. "சேர், றேடியோவை மட்டும் ஒருக்காப் போடுவம். எங்க நிக்கிறம் எண்டாவது சொல்லலாம்."

"எரிஞ்சது எதெண்டு தெரியுமோ?"

"தெரியாது, சேர்."

"அப்ப தொடவேண்டாம்."

பயணிகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "உள்ளதைச் சொல்லுங்கோ. கரண்ட் இல்லை, எஞ்சின் ஓடுது, இறங்கப் போறம். சிரிச்சுக்கொண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நம்பமாட்டினம்."

சொன்னேன். மூதூர் முஸ்லிம் வியாபாரி ஒருவர் என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, உண்மையச் செல்லுங்க. உழுந்திருவமா?"

"தெரியாது நானா. கப்டன் கவனமா ஓட்டுறார்" என்றேன். அவர் கண்ணை மூடி ஓதத் தொடங்கினார்.

துறைமுகத்தைச் சுற்றி மலைகள். முகிலுக்குள்ளே அங்கே இறங்கினால் மோதவேண்டியதுதான். ஆகவே கப்டன் விமானத்தைக் கிழக்கே, கடலுக்கு மேலே திருப்பினார். திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்து இறக்கினார். யன்னலுக்கு வெளியே விமானத்தின் செட்டைகூடத் தெரியவில்லை. மழை அடித்தது. திடீரென்று கீழே கடல், நுரை தெரியுமளவு கிட்டத்தில்.

மேற்கே திரும்பினோம். நெடுநேரம் தண்ணீர்தான். பிறகு கறுத்த கோடுபோல ஒரு கரை வந்தது.

"கறுப்பு மணல்! புல்மோட்டை!" என்று துணை விமானி கத்தினார்.

"இனி கரையை வலப்பக்கம் வைச்சுக்கொண்டு தெற்கே போவம், சீனன்குடா வரும்" என்றார் கப்டன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. "பிள்ளை, யன்னலால பாருங்கோ!" நான் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்துக் கத்தினேன்: "ஓம் சேர், ரெண்டும் இறங்கீட்டுது!" சீனன்குடாக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, இறங்கலாம் என்று பச்சை ஒளி வந்தது. இறங்கினோம்.

கதை அத்துடன் முடியவில்லை. அன்றே அந்த விமானம் கொழும்புக்குப் போகவேண்டும் என்றார் நிலைய அதிகாரி. "ஒரு வயர்தானே எரிஞ்சது, கப்டன். மாத்தியாச்சு. ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்."

"நான் ஓட்டமாட்டன்."

"ஏன்?"

"எனக்குப் பயமாக் கிடக்கு."

எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதிகாரி சிரித்தார். கப்டன் அசையவில்லை. மாற்றிய வயருக்குப் பக்கத்திலிருந்த தகட்டையும் கழற்றிக் காட்டும்படி கேட்டபடியே நின்றார். கடைசியில் கழற்றினார்கள். உள்ளே எண்ணெய்க் குழாயோடு ஒட்டி ஓடிய வயர்களின் உறை கருகி, செம்பு வெளியே தெரிந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பயணிகள் றெயிலில் போனார்கள். சொல்லுக் கேளாதவர் என்று கப்டனுக்குச் சிலகாலம் பறப்பு கொடுக்கவில்லை. அதைப்பற்றி அவர் யாரிடமும் முறையிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நேற்று அவருடைய வீட்டில், துணைவியாருக்குப் பக்கத்தில் இருந்து இதைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. "அண்டைக்கு வீட்டை வந்து, தலையிடி எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தவர்" என்றார். பிறகு எழுந்துபோய், கப்டனின் நெற்றியில் கையை வைத்துக் குனிந்தார்.

"இஞ்சேருங்கோ, நல்லாப் பயந்து போனீங்களோ?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் வெளியே வந்து முற்றத்தில் நின்றோம்.

சேர், அன்று எங்களைத் தரையில் இறக்கினீர்கள். அமைதியாகப் போய்வாருங்கள்.