நான் படிக்காமல் விட்ட வரி

டிவியில் நியூஸ் போட்டால் எங்கள் வீட்டில் சண்டைதான். ஒரு சேனல் ஒரு கட்சிக்கு, இன்னொன்று இன்னொரு கட்சிக்கு. "ஒருத்தன் சொல்றதையும் நம்ப முடியல" என்று மகன் கத்துவான். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். செய்திக்காரர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. ஏன் என்று எழுதிவிடலாம் என உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண்களில் திக்காமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கட்சிப் படிப்பகத்துக்கு ஆம்பளைகள்தான் போவார்கள். அங்கே வந்த பேப்பரை மறுநாள் என் வீட்டுக்காரர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். மத்தியானம் கஞ்சி குடித்தபிறகு களத்து மேட்டில் நான் வாசிப்பேன். நாலு பேர் எதிரே பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேப்பரை விரித்தால் முகம் மறைந்துவிடும், குரல் வந்துவிடும். அந்த ஒரு பெருமைதான் எனக்கு இருந்தது.

என் ஓரகத்திக்கு அது தேவையில்லை. கொழுந்தனின் பெண்டாட்டி, குடவாசல் பக்கத்துப் பெண். கொழுந்தன் பாம்பு கடித்துப் போனபிறகு அவன் குத்தகை நிலத்தை அவளே பயிர் செய்தாள். எங்கள் நிலமும் அவள் நிலமும் ஒரே மிராசுதாருடையது, நடுவில் ஒரு வரப்பு. அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அவள் நடவுக்கு இறங்கினால் வயலே அவள் பக்கம் திரும்பும். நல்ல உயரம், வரிசைப் பல், கணீரென்ற குரல். தாலியறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். இருந்தும் பட்டேன்.

ஒரு தை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். குத்தகைக்காரர்கள் அறுக்கக் கூடாதாம், நிலத்தை விட்டுவிட வேண்டுமாம். ஆம்பளைகள் போனால் போலீஸ் அடிக்கும் என்று நாங்கள் போய் வயலில் உட்கார்ந்தோம். பதினோரு பெண்கள். பனி ஈரத்தில் முதலில் இறங்கினவள் நான். அப்புறம்தான் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியூர் ஆட்கள் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வெயில் ஏறினதும் ஆளுங்கட்சிப் பேப்பர்க்காரர் கேமராவோடு வந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார், "பேரு என்னம்மா?" நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டேன். அவள் சொன்னாள். பேர், மாமனார் பேர், ஊர், எல்லாம். "இந்தப் பக்கம் பாருங்க" என்றார். பார்த்தாள்.

பேப்பர் வந்தது. அவள் படம், கீழே அவள் பேர். அவள் தலைமையில் ஐந்நூறு பெண்களாம். மிராசுதார் வீட்டுக்கு வருகிற இன்னொரு பேப்பரும் பிறகு கடையில் வெல்லம் மடித்து வந்தது. அதில் நாங்கள் அரிவாளோடு வெட்டப் பாய்ந்தோமாம். எங்கள் கையில் ஒரு துரும்புகூட இல்லை. இரண்டும் பொய். ஆனால் என்னைச் சுட்டது பொய் இல்லை, அவள் பேர்.

அன்று களத்து மேட்டில் அவள் பேர் இருந்த வரியைத் தாண்டி அடுத்த வரியை வாசித்தேன். படத்தை உள்பக்கமாக மடித்துக்கொண்டேன்.

"என் பேரு போடலியாக்கா? எழுதிக்கிட்டாரே."

"எழுதுற பேரெல்லாமா போடுவாங்க?"

"படம்?"

"மசி ஒட்டிப்போச்சு. ஒண்ணும் தெரியல."

"போவட்டும்" என்று தூக்குச்சட்டியைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

நாலாம் நாள் அவள் அண்ணன் அதே பேப்பரோடு ஊரிலிருந்து வந்துவிட்டார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே களத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. விரலைப் படத்துக்குக் கீழே வைத்து, "இந்த வரிய இப்பப் படிங்கக்கா" என்றாள். பேப்பரை அவள் பிடித்திருந்ததால் என் முகத்துக்கு மறைவு இல்லை. படித்தேன்.

கூட்டத்தில் ஒரு கிழவி சொன்னாள்: "பேப்பர்க்காரன் பதினொண்ண ஐந்நூறாக்கினான். நம்ம வாத்தியாரம்மா ஒருத்திய இல்லாமலே ஆக்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதை வாசித்தாலும், "அதுல இருக்கா, நீயா சொல்றியா?" என்றார்கள். கொஞ்ச நாளில் வாசிக்கவே சொல்லவில்லை.

சித்திரையில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. குத்தகைக்காரர்கள் தாலுக்கா ஆபீசில் பேரைப் பதிய வேண்டும், பதியாதவர்களுக்குப் பாத்தியதை நிற்பது கஷ்டம். எங்கள் பக்கத்தில் கணவனின் அண்ணனும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். "நீ போயி அதுகிட்ட சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

போனேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர்ல போட்டிருக்கு. பதியணுமாம்."

"எந்த வரியிலக்கா?" என்று சிரித்தாள்.

பிறகு கணக்குப்பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். அவர் மிராசுதார் ஆள். அப்படி ஒன்றும் இல்லை, பேப்பரில் ஆயிரம் போடுவான் என்று சொல்லியிருக்கிறார். இது என் காதுக்கு வந்தது. திரும்பப் போய்க் கையில் அடித்துச் சொல்லியிருக்கலாம். அவள் சிரித்த சிரிப்பு மனதில் நின்றது. போகவில்லை. வீட்டுக்காரர் கேட்டபோது "சொல்லிட்டேன்" என்றேன். அதுவும் உண்மைதானே.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எங்கள் நிலம் பதிவாகியிருந்தது. அவள் நிலத்தில் மிராசுதாரின் ஏர்கள் இறங்கின. அவள் வரப்பில் நின்று பார்த்தாள். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "விஷயத்தைச் சொன்னியா இல்லியா?" என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா சொன்னாங்க. நான்தான் நம்பல."

நிலம் போய் நிற்கிற நேரத்தில் இப்படிச் சொல்ல ஒருத்திக்கு எப்படி மனசு வருகிறது? அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த வருஷ நடவுக்கு எங்கள் வயலுக்கே கூலிக்கு வந்தாள்.

அந்தப் பேப்பரை அவள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். இன்றைக்குப் போனாலும் என் கண் அங்கேதான் போகும். பழுத்துப் போன தாளில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில், வெட்டுப்பட்டு, ஒரு முழங்கை. பக்கத்தில் முதலில் உட்கார்ந்தவளுடைய முழங்கை. அது என்னுடையது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?