கோணிப்பைக்காரன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், ஓர் ஆடிக் கிருத்திகைக்கு நைனாவும் அம்மாவும் என்னைத் திருத்தணிக்கு மொட்டையடிக்கக் கூட்டிப் போனார்கள். எனக்கு ஏழு வயது. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் போனோம். வழியெல்லாம் கூட வந்த பெண்கள் ஒரே கதையைச் சொன்னார்கள். ஆற்றில் கட்டுகிற பாலத்துக்குத் தூண் நிற்கவில்லையாம். பிள்ளைத் தலை கேட்கிறதாம். ஒருவன் பிள்ளைகளைப் பிடித்துத் தலையை வெட்டிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போகிறானாம். "எங்கனா ஓடின, அடுத்தது உன் தலைதான்டீ" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொட்டையடித்து, குளத்தில் முக்கி, சந்தனம் பூசி, மஞ்சள் துண்டைச் சுற்றிவிட்டார்கள். காவடிக் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்தது. அம்மாவின் கை விட்டுப்போனது.

சுற்றிலும் எத்தனையோ பிள்ளைகள். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். ஒவ்வொரு பெண்ணும் என் முகத்தைப் பார்த்து, தன் பிள்ளை இல்லையென்று நகர்ந்தாள். அம்மாவே என்னைத் தாண்டிப் போனாளாம். அடையாளம் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் பட்ட தனிமையை அதற்கப்புறம் நான் பட்டதில்லை.

தோளில் கோணிப்பையோடு ஒருவர் வந்து கையைப் பிடித்தார். "யார் ஊட்டுப் புள்ள நீ? அழுதுகினே நின்னா ஆச்சா? வா, உங்க நைனாவத் தேடலாம்."

கையைக் கடித்தேன். "தலை வெட்டறவன்! தலை வெட்டறவன்!" என்று கத்தினேன்.

பத்துப் பேர் பாய்ந்தார்கள். பை கிழிந்து கத்தை கத்தையாகத் தலைமயிர் கொட்டியது. "ஐயோ, எத்தினி தலைடா!" என்று ஒருத்தி அலறினாள். அதற்குப் பிறகு அடி நிற்கவில்லை. எனக்கு மொட்டையடித்த நாவிதர்தான் ஓடி வந்தார். "டேய், கண்ணு அவிஞ்சி போச்சா? எங்க கொட்டாயில முடி அள்ளற ஆளுடா அவன்!"

அடித்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு மலையேறப் போய்விட்டார்கள். ஒருவனும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடிபட்டவர் வாயில் ரத்தத்தோடு, "புள்ளய அவங்க ஆளுங்ககிட்ட சேத்துடுங்க" என்று நாவிதரிடம் சொல்லிவிட்டு, சேற்றிலிருந்து மயிரைப் பொறுக்க ஆரம்பித்தார். நைனா வந்தார். நடந்ததைக் கேட்டார். "சரி, நட" என்று இழுத்துப் போனார். நானும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வளர்ந்த பிறகு பாலம் கட்டுகிற ஓரிடத்தில் மண் சுமந்தேன். அஸ்திவாரக் குழி சரிந்து கூலியாட்கள் இரண்டு பேர் புதைந்தார்கள். யார் தப்பு என்று எவனும் கேட்கவில்லை. பாலம் பலி கேட்டுவிட்டது என்றார்கள். கதை எங்கே பிறக்கிறதென்று அன்றைக்குப் புரிந்தது. செத்தவனுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கப் பெரிய மனிதர்களுக்கு ஒரு பூதம் வேண்டும். பூதத்துக்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகம் எப்போதும் கேட்க நாதியில்லாதவனுடையது.

இப்போதும் யாராவது பிள்ளைக்குச் சோறு ஊட்ட இந்தக் கதையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்காக அடி வாங்கப் போகிற ஆள் எங்கேயோ சுமையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வருகிறான் என்றே தோன்றுகிறது.