வலிக்கு ஒரு டிக்கெட்

என் அக்காள் கணவர் சோலை டவுன் பஸ் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே நின்றுகொண்டே வாழ்ந்தார். பஸ் எப்படி ஆடினாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். வீட்டிலும் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றுதான் சாப்பாடு. மணவறையிலேயே தாலி கட்டுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டார் என்று அக்காள் சொல்லுவாள்.

போன ஆவணியில் அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய கோபத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். கோபம் உண்மைதான். ஆனால் அவர் உட்கார்ந்த கதை ஒன்று இருக்கிறது. அதை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், பலாப்பழக் காலம். ஒரு வக்கீல் குமாஸ்தா பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் ஒரு பலாப்பழத்தை உட்கார வைத்துக்கொண்டார். பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பழத்தைக் கீழ வைங்க."

"பழுத்த பழம்ய்யா. அடிபட்டுரும்."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க."

"பழத்துக்கு எதுக்குய்யா டிக்கெட்?"

"சீட்டுல உக்காந்துருக்குல்ல?"

பேச்சு வளர்ந்தது. கப்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், மச்சான் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். உச்சி வெயிலில் குமாஸ்தாவையும் பலாப்பழத்தையும் ரோட்டில் இறக்கிவிட்டார். குமாஸ்தா எழுதிய புகார் நான்கு பக்கம். அது மச்சான் மேல் வந்த மூன்றாவது புகார்.

கிளை மேலாளர் கைலாசநாதன் கூப்பிட்டனுப்பினார். அதட்டவில்லை. ஆபீஸ் மூலையில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"சோலை, உங்களை இனி வண்டியில அனுப்ப யோசனையா இருக்கு. இங்க உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுறீங்களா?"

முன்பு அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருக்கையில் இருந்தது. வேலையே போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார்.

கைலாசநாதனே ஒரு வழியும் சொன்னார். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தியான வகுப்புக்குப் போகிறவர். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஹாலாஸ்யம் என்பவர், மேல மாசி வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடத்திவந்த வகுப்பு. ஆறு வாரம். கடைசி வாரம் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஹாலாஸ்யத்திடம் கடிதம் வாங்கி வந்தால் வண்டி, இல்லையென்றால் நாற்காலி.

ஆக, நிற்கிற வேலையைக் காப்பாற்ற மச்சான் உட்காரக் கற்க வேண்டியதாயிற்று. நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். துணைக்குப் போனேன்.

முதல் ஞாயிறு நான்கு நிமிஷம் தாங்கினார். அதில் ஒரு நிமிஷம் சம்மணம் போடுவதற்கே போய்விட்டது. இரண்டாவது ஞாயிறு இரண்டு முழங்காலிலும் தைலம் தடவி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் ஹால் முழுக்கத் தைல வாடை. கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணீர் வழிந்தது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து ஒரு மாமி விசும்பவே ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு, டெப்போவில் கழித்துப் போட்ட பஸ் சீட் ஒன்றைத் தூக்கிவந்து அதன்மேல் உட்கார்ந்தார். ரெக்ஸின் கிழிந்த இடத்திலிருந்து காற்று வெளியேறி, அந்த அமைதியில் கேட்கக் கூடாத ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. மச்சான் கண்ணைத் திறக்காமலேயே, "சீட்டுங்க, நான் இல்ல" என்றார்.

ஹாலாஸ்யம் பொறுமைசாலி. "வலியை விரட்டாதீங்கோ, சோலை. வரட்டும். வரதையும் போறதையும் பாத்துண்டிருங்கோ" என்றார்.

"போறதே இல்லையே சாமி. வாரது மட்டுந்தான் இருக்கு."

வீட்டில் தினமும் சாயங்காலம் பயிற்சி. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே என் அக்காள் பாண்டியம்மாள் அரிவாள்மணையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பதினோராவது நிமிஷம் மச்சான் "அய்யோ" என்று காலை நீட்டினால், அவள் தலையைத் தூக்காமல் கேட்பாள்:

"தம்பி, நான் உக்காந்து எம்புட்டு நேரமாச்சு?"

"முக்கா மணி நேரம்க்கா."

"எனக்கு எந்தச் சாமி லெட்டர் குடுக்கும்?"

ஐந்தாவது வகுப்பு முடிந்து டீக்கடையில் நின்றபோதுதான் மச்சான் முகத்தில் முதல் தடவையாகத் தெளிவைப் பார்த்தேன்.

"மாப்ள, என் தப்பு என்னன்னு தெரிஞ்சு போச்சு. எல்லா வலியும் ஒரேயடியா முண்டியடிச்சு ஏறுது. நானும் விட்டுட்டு நிக்கிறேன். எவனையாச்சும் டிக்கெட் இல்லாம ஏத்துவமா?"

"எந்த வலிக்கு மச்சான் டிக்கெட்?"

"எல்லா வலிக்குந்தான். எங்க ஏறுன, எங்க எறங்குறன்னு கேட்டுக் கிழிச்சுக் குடுத்துட்டா, அது பாட்டுக்கு ஒரு மூலையில நிக்கும். அதோட ஸ்டாப் வந்ததும் தானா எறங்கிரும்."

கடைசி ஞாயிறு வந்தது. கைலாசநாதன் முன்வரிசையில் இருந்தார். ஹாலாஸ்யம் மணியை அடித்ததும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு லேசாக அசைந்தது. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. கால் மணி நேரத்தில் நெற்றி வேர்த்தது. பிறகு தானாகக் காய்ந்தது. இடது முழங்கால் ஒரு தடவை துடித்து அடங்கியது. பசுமலையிலோ திருப்பரங்குன்றத்திலோ திருநகரிலோ யாரோ இறங்கிவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மணி அடித்தது. எல்லோரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். மச்சான் எழவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஹால் முழுக்க அவரைச் சுற்றி வந்து நின்றது. கைலாசநாதன் கைகூப்பினார். ஹாலாஸ்யம் என்னை ஓரமாக இழுத்தார்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கத்துண்டிருக்காரா?"

"இல்ல சார். பஸ்ஸுலதான் இருக்காரு."

பன்னிரண்டாவது நிமிஷம் மச்சான் உரக்கச் சொன்னார்: "திருமங்கலம். எல்லாம் எறங்குங்க. பின்னாடி பாத்து எறங்கு."

கண்ணைத் திறந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நானும் கைலாசநாதனும் தோள் கொடுத்து வாசல்வரை கொண்டுபோனோம். "ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்" என்று ஹாலாஸ்யம் கடிதத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன். "மணி அடிச்சப்பவே எந்திரிச்சிருக்கலாம்ல மச்சான்?"

"கப்பலூர் தாண்டி ரயில்வே கேட் போட்டுட்டான் மாப்ள."

"நெனப்புல ஓடுற வண்டிக்கு எதுக்குக் கேட்டு? தொறந்து விட வேண்டியதுதான?"

"அது எப்படி? அந்நேரத்துக்கு ரயில் வரும்ல."

"சரி, அங்கனயே எறங்கி வந்துருக்கலாம்ல?"

"இடுப்பு வலி எடுத்தது திருமங்கலம் டிக்கெட். பாதி வழியில எறக்கிவிட்டா இன்னொரு மெமோ வராதா?"

திங்கட்கிழமை வண்டி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷப் பலாப்பழக் காலத்தில் அதே குமாஸ்தா பழத்தோடு ஏறினாராம். அதை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாராம். திருமங்கலத்தில் மச்சானே பழத்தை வாங்கிக் கீழே இறக்கிக் கொடுத்திருக்கிறார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அதன்பின் யாரையும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

போன ஆவணியில், கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ், "வலி எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள்.

"திருநகர் தாண்டியாச்சும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பினாள். அக்காள் அவருடைய காலைப் பிடித்துவிட்டபடியே சொன்னாள்:

"அங்கிட்டு ரயில்வே கேட்டு ஒண்ணு இருக்கும்மா. போட்டுட்டான்னா லேசுல தொறக்க மாட்டான்."