இல்லாத அண்ணா ஷெல்டன்

இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. அந்தப் பிரம்புக் கதிரை இன்னும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10க்கு நடந்தது இது.

என் தொழில் குறி சொல்வது. வெள்ளவத்தையில் பதினொரு வருடம். பலகையில் ‘சைக்கிக்’ என்று போட்டிருக்கிறேன். ஐம்புலன்களுக்கும் எட்டாததை அறிபவர் என்று பொருள். உண்மையில் வேலை இப்படித்தான் நடக்கும்: வந்தவரின் விரலில் மோதிரம் கழற்றிய வெளிறிய கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு, “ஜே எழுத்தில ஒருத்தர்...” என்று இழுப்பேன். ஜோசப்போ ஜோசபீனோ இல்லாத கத்தோலிக்கக் குடும்பம் கொழும்பில் ஏது? மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்.

பிறிஜெற் என்றொருத்தி கொட்டாஞ்சேனையில் குறி பார்க்கத் தொடங்கினாள். ஆறே மாதத்தில் என் ஆட்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். எட்டு வருடம் என்னிடம் வந்த செலீன் என்னிடமே சொன்னாள்: “அவ ஒண்டும் கேக்கிறேல்ல, அக்கா. பார்த்த உடன சொல்லுறா.”



அவளை அம்பலப்படுத்தப் போனேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய பொறி உண்டு: இல்லாத ஒருவரைக் கேட்பது. நான் ஒற்றைப் பிள்ளை.

“செத்துப்போன அண்ணாவோட கதைக்கோணும். பேர் ஷெல்டன்.”

பிறிஜெற் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த வெற்றுக் கதிரையைப் பார்த்தாள்.

“வந்திட்டார்.”

மாட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தேன்...

கிரீச்.

கதிரையின் பிரம்பு மெல்லத் தாழ்ந்தது. யாரோ உட்கார்வதுபோல.

நூல் இருக்கும். கம்பி இருக்கும். குனிந்து தேடினேன். ஒன்றுமில்லை. பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது... இவளுக்கு உண்மையாகவே தெரிகிறது.

“அவருக்கு உங்களில பொறாமை, மிஸ்.” அவள் கதிரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏன்?”

“உங்களுக்குப் பேர் இருந்ததாம். அவருக்கு இப்பதான் கிடைச்சதாம்.”

கிரீச்.

பிரம்பு நிமிர்ந்தது.

என் தோளில்... ஈரமாக... ஒரு சின்னஞ்சிறு கை.

3.16. தெருவில் நின்றேன்.

நேரே மட்டக்குளிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். “எனக்கு ஒரு அண்ணா இருந்தாரா?”

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இரட்டைப் பிள்ளையள். அவன் மூண்டு பத்துக்குப் பிறந்தான். மூச்சில்ல. நீ ஆறு நிமிஷம் பிந்தி.”

“ஏன் சொல்லேல்ல?”

“ஞானஸ்நானம் இல்ல. பேரில்லாம, கல்லறை மதிலுக்கு வெளியில தாட்டது. பேரில்லாததுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாது எண்டு சொல்லுவினம்.”

பிறகு என் கையைப் பிடித்தார்.

“நீ பேர் ஒண்டும் வைக்கேல்லத்தானே, லவினா?”