செல்லையா காலியாக விட்ட கட்டம்

கிளாவரையிலிருந்து கிளம்பிய அந்த அஞ்சலட்டை சென்னையில் என் மேசைக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆகியிருந்தது. பூண்டு பயிரிடும் பெரியகருப்பன் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. "செல்லையா சார் வெள்ளிக்கெழம வெள்ளனே தவறிட்டாங்க. ரெண்டு நாளாக் காய்ச்சல்ல கெடந்தாங்க. சொந்தக்காரங்க யாருன்னு தெரியல, நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். அவுக நோட்டு அட்டையில உங்க பேரும் இருந்துச்சு. அதான் எழுதுறோம்."

படித்துவிட்டு அட்டையை மேசை டிராயரில் போட்டேன். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் செல்லையாவைத் தெரியாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அவனை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் சிரிப்பான், ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். 1950களின் நடுவில் பல்கலைக்கழகம் எங்கள் இருவரையும் கிளாவரைக்கு மேலே அனுப்பியது. 'மலைவள ஆராய்ச்சி மையம்' என்று பெரிய பலகை மாட்டியிருந்தது. பலகையின் அகலம்கூட அறைக்கு இல்லை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரை கிடைத்தால் லாரி, அதற்கு மேல் நடை. புல்வெளி மலையிலிருந்து இறங்கும் ஓடையில் தினமும் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளப்பதுதான் வேலை. அந்தப் புல்வெளியில், தோல் பதனிடும் பட்டைக்காக, வாட்டில் மரம் நடுவதாக ஒரு திட்டம் இருந்தது. மரம் வந்தால் ஓடை வற்றுமா என்று எங்கள் அறிக்கை சொல்ல வேண்டும். கிளாவரையின் பூண்டு வயல்கள் அந்த ஓடையை நம்பித்தான் இருந்தன.

காலை ஏழு மணிக்கு ஒருவர் தண்ணீரில் நட்ட அளவுகோலைப் பார்த்து நோட்டின் முதல் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர் தனியாகப் பார்த்து இரண்டாவது கட்டத்தில் போட வேண்டும். பார்க்காத நாளுக்கு ஒரு கோடு. ஒருநாள் நூலளவு வித்தியாசத்துக்காக இருவரும் முழங்கால் நீரில் நின்று சண்டை போட்டோம். போடப் போட மஞ்சு மூட்டம் இறங்கி அளவுகோலே மறைந்துவிட்டது. "ரெண்டு பேரும் கோடு போடுவோம்லே. பாக்காதத எழுதக் கூடாது" என்றான் செல்லையா. பல் கிட்டிக்கக் கரையேறி, நானும் கோடு போட்டேன்.

சமையல் அவனுடையது. பூண்டு போடாமல் அவன் செய்தது தேநீர் ஒன்றுதான். ஓடையோடு உரக்கப் பேசுவான். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஒரு வறட்சி மாதத்தில் அவனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். மூன்று நாள் பொறுத்தேன். பேச ஆளில்லை, ஜன்னலில் மஞ்சைத் தவிர வேறொன்றும் இல்லை. நாலாம் நாள் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் கீழே போனேன். அவனைப் பார்க்கப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை. கடைத்தெருவில், மனிதர்கள் பேசும் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது ஆறு நாள் போயிருந்தது. வறட்சியில் ஓடை தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நானும் அப்படியே இறக்கி ஆறு எண்களை எழுதினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

செல்லையா தேறி வந்த மறுநாள் பெரியகருப்பன் வந்தார். "நாங்க மேல கல்லப் போட்டு மறிச்சு நடுவுல ஆறு நாளு பூண்டுக்குத் திருப்பியிருந்தோம் சார். முன்னக்கூட்டியே சொல்லணும்னு வந்தேன், கதவு பூட்டிக் கெடந்துச்சு. இங்கன சொட்டுத் தண்ணி வந்திருக்காது." செல்லையா நோட்டைத் திறந்தான். என் ஆறு எண்களையும் பார்த்தான்.

"ஏலே, பயந்துட்டியா?"

"ஆமா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கும். அதுக்குத்தான் ஓடைகூடப் பேசுறது."

அவ்வளவுதான் கேட்டான். ஆறு எண்களையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'பார்க்கவில்லை. என் பொறுப்பு. செ.' என்று எழுதினான். ஏற்பாடு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது தன் தவறு என்று மேலிடத்துக்கும் எழுதினான். நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வறட்சியில் ஆறு நாள் விட்டுப்போன அறிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த மழைக்கே புல்வெளியில் கன்றுகள் நட்டாயிற்று. அசிரத்தை என்று அவன் பதவி உயர்வை நிறுத்தினார்கள். அதை எனக்குக் கொடுத்துச் சென்னைக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும்: "ஒரு தடவ வந்து ஓடையப் பாத்துட்டுப் போ." அடுத்த லீவில் வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் பதில் போட்டேன். எந்த முகத்தோடு போவது?

போன வாரம் பெரியகருப்பன் அனுப்பிய அவனுடைய நோட்டுகள் சாக்கில் கட்டி வந்து சேர்ந்தன. தினமும் முதல் கட்டத்தில் 'செ.' இரண்டாவது கட்டம் காலி. நான் சென்னைக்கு வந்த நாளிலிருந்து, வருடக் கணக்காக, எல்லாப் பக்கத்திலும் காலி. அந்தக் கட்டம் இல்லாமலே அவன் நோட்டுக்குக் கோடு கிழித்திருக்கலாம். ஒவ்வொரு நோட்டிலும் கிழித்து வைத்திருக்கிறான். மரங்கள் வளர வளர எண்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. போன வறட்சியில் எண்ணே கிடையாது, 'கல் நனைந்திருக்கிறது' என்று மட்டும் இருக்கிறது. கடைசி இரண்டு நாளுக்கும் கோடு. காய்ச்சலில் கோணிப்போன கோடு.

நேற்று பேனாவோடு உட்கார்ந்தேன். அந்த ஆறு நாளின் பக்கத்தைத் தேடி எடுத்து, 'என் பொறுப்பு. செ.' என்பதன் கீழே, 'பார்க்காமல் எழுதியவன் நான். ரா.' என்று எழுதினேன். அவனை அசிரத்தைக்காரன் என்று நினைத்திருந்தவர்கள் வந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன.

மற்ற நாட்களின் இரண்டாவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே கையெழுத்துப் போட நான் போயிருக்க வேண்டும்.