விருந்தாளிக்குக் கம்மஞ்சோறு

வெளியூருக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியில் முதலில் வேட்டி சட்டையை அடுக்குவார்கள். நான் இசப்கோல் டப்பாவை வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தேடுவேன். அதன் பக்கத்தில் ஒரு பொட்டலம் நிலாவரைச் சூரணம், ஆபத்துக்கு இருக்கட்டுமே என்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்துத் திரிந்த காலத்தில் ஒதுங்க இடமில்லாமல் அடக்கி அடக்கிச் சேர்த்த சொத்து இந்த மலச்சிக்கல். கும்பகோணத்தில் இருக்கும்வரை அதைக் கட்டி மேய்த்துவிடுவேன். எழுந்ததும் வெந்நீர், மகாமகக் குளத்தைச் சுற்றி நடை, காலைப் பலகாரம் முடிந்ததும் தினமும் அதே நேரத்துக்குக் கழிவறை, காலுக்கடியில் ஒரு மணை, இரவில் இரண்டு பூவன்பழம். ஊர் மாறினால் போதும், குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. மகள் மீனா திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். என் மனைவி போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். இந்த முறை நான்.

மாலை மூன்றரை மணிவாக்கில் கும்பகோணத்தில் ஜனசதாப்தியில் ஏறினேன். தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக ஏறக்குறைய இருநூற்று எண்பது கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் பாபநாசத்துப் பெண் ஒருவர், பனியன் கம்பெனியில் டெய்லர், ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"திருப்பூர்ல சுத்திப் பாக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு? வந்தவங்க எல்லாம் வேலையத்தான் பாக்கறோம்" என்றார்.

ரயில் கழிவறைக்குப் பயந்து வழியெல்லாம் நான் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாற்பது வருட அனுபவசாலி செய்கிற காரியமா இது? செய்தேன்.

இரவு எட்டேகாலுக்குத் திருப்பூர். சம்பந்தி குப்புசாமி காரோடு வந்து காத்திருந்தார். சொந்தமாகச் சின்ன பனியன் யூனிட் வைத்திருப்பவர், குழந்தைகள் பனியன் தைக்கிறார்கள். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்காத குறை.

"வாங்க சம்பந்தி, பயணமெல்லாம் சவுரியமா இருந்துச்சுங்களா? உங்க மாப்பிள்ளைக்கு இன்னைக்கு ஷிப்மெண்டுங்க, அதுதான் நான் வந்தேன். வாங்க, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

ஸ்டேஷனிலிருந்து அவர்கள் வீடு இருக்கும் திருமுருகன்பூண்டி ஒன்பது கிலோமீட்டர். அவிநாசி சாலை முழுக்க வேலை விட்டுப் போகிற கூட்டம். கடைப் பலகைகளில் தமிழுக்குக் கீழே இந்தி. பேக்கரிகளின் முன்னால் இந்தப் பக்கம் பீகார், அந்தப் பக்கம் தேனி என்று டீ கிளாஸோடு நின்றார்கள். குப்புசாமி எனக்கு டீயோடு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். அது முடிவதற்குள் ஒரு முட்டை பப்ஸ். எனக்குள் மைதா மாவின் முதல் மூட்டை இறங்கியது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு உளிச் சத்தத்தில் விழித்தேன். பூண்டியில் தெருவுக்குத் தெரு சிற்பக்கூடம். சத்தம் காதுக்கு இதமாகத்தான் இருந்தது, வயிற்றுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. மனிதன் எப்படிப் போக முடியும்? நான் துண்டை எடுத்ததும் வீடே எனக்காக ஒதுங்கி நின்றது. சம்பந்தியம்மா சரஸ்வதி வெந்நீர் எடுத்து வைத்தார். "அவசரமில்லீங்க, மெதுவா வாங்க" என்று குப்புசாமி கூடத்திலிருந்தே தைரியம் சொன்னார். இத்தனை மரியாதைக்கு நடுவே என் குடல் கூச்சப்பட்டு உள்ளேயே இருந்துகொண்டது.

அப்புறம் இலை. காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு, மேலே இரண்டு ஒப்புட்டு, எங்கள் ஊர்ப் போளிதான். மத்தியானம் பிரியாணி. இரவில் பரோட்டாவும் கோழி வறுவலும். "கூச்சப்படாதீங்க சம்பந்தி, போட்டுக்குங்க" என்று சரஸ்வதியம்மா பக்கத்திலேயே நின்றார். மீனாவின் தட்டிலும் அதேதான். பிள்ளைத்தாய்ச்சியும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிதான்.

இரவு கை கழுவப் பின்பக்கம் போனபோது சமையலறைக்குள் கண் போயிற்று. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்மஞ்சோறு, மோர், பண்ணைக்கீரைக் கடைசல், தட்டப்பயறு, நாலு சின்ன வெங்காயம். என் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த உணவு முறை அப்படியே அந்தத் தட்டில் இருந்தது. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. என்னைக் கண்டதும் சரஸ்வதியம்மா தட்டை முந்தானையால் மறைத்தார். சம்பந்திக்குப் போடக்கூடாத சோற்றைச் சம்பந்தி பார்த்துவிட்டாரே என்கிற வெட்கம்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு மீனாவும் நானும் நடக்கப் போனோம். ஒரு சிற்பக்கூடத்து வாசலில் பாதி செதுக்கிய நந்தி ஒன்று, இன்னும் உளி படாத காதோடு படுத்திருந்தது. பக்கத்தில் கிடந்த வெறுங்கல்லில் மீனா உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, உங்களுக்கு ஆச்சா?"

காப்பி குடித்தாயா என்பது போல எங்கள் வீட்டில் இது ஒரு காலைக் கேள்வி.

"எங்கம்மா! அத்தனை பரோட்டாவும் உள்ள உக்காந்து சத்தியாகிரகம் பண்ணுது."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டாள்.

"எனக்கும் அப்படித்தான்ப்பா. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை. கல்லு மாதிரி. போன வாரம் ரத்தம்கூட வந்துது."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அத்தையும் கூட வந்து உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி இதை எப்படிப்பா சொல்றது?" நந்தியின் முதுகில் படிந்திருந்த கல்தூசியைத் துடைத்தாள். "இரும்பு மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து ரொம்ப மோசம். அதனால நிறுத்திட்டேன். தினம் ராத்திரி அத்தை மாத்திரையும் தண்ணியுமா வந்து நிப்பாங்க. கன்னத்துல ஒதுக்கி வச்சிக்கிட்டு, அவங்க போனதும் துப்பிடுவேன்."

ஏற்கெனவே அவளுக்கு ரத்தம் குறைவு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்று டாக்டரே குழம்புகிறாராம். அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் பிரசவத்தில் சிக்கல் வரலாம், ஊசி போடவேண்டும், ரத்தம் ஏற்றவேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். என் பெட்டியிலிருந்த சூரணம் நாக்கு நுனிவரை வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கென்ன தெரியும்? விழுங்கிக்கொண்டேன்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்கப்பா. இவ்வளவு நாள் ஏமாத்தினேன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும் அவங்களுக்கு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவள் விஷயத்தைச் சொல்லக்கூடாது, சரி. என் விஷயத்தைச் சொல்ல யாருடைய அனுமதி வேண்டும்?

மத்தியானம் ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமை, யூனிட் விடுமுறை; மாப்பிள்ளை மட்டும் ஷிப்மெண்ட் வேலையாக வெளியே போயிருந்தார். குப்புசாமி பக்கத்திலும் மீனா தட்டோடு எதிரிலும் உட்கார, இலை விழுந்தது. சரஸ்வதியம்மா பிரியாணிச் சட்டியோடு குனிந்தபோது நான் இரண்டு கையாலும் இலையை மூடினேன்.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்கக் கூடாது. வந்ததிலேருந்து எனக்கு வெளிக்கே போகலை. எனக்கு நாப்பது வருஷமா மலச்சிக்கல். ராத்திரி நீங்க சாப்பிட்டீங்களே கம்மஞ்சோறும் கீரையும், அதை எனக்குப் போடுங்க. புண்ணியமாப் போகும்."

பிரியாணிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. என் மானம் அந்தக் கரண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விருந்தாளிக்குக் கம்மஞ்சோறு போட்டன்னு சொன்னா ஊரு சிரிக்காதுங்களா?" என்றார் சரஸ்வதியம்மா, பாதிக் குரலில்.

"ஊருக்கு என் வயிறு தெரியாதும்மா."

குப்புசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "எனக்கும் அப்பப்ப ரத்தம் போகுதுங்க சம்பந்தி. மூலமுன்னு நெனச்சு உட்டுட்டேன். நாள் பூரா கட்டிங் டேபிள்ல நின்னு நின்னு, தண்ணிக்குப் பதிலா டீயாவே குடிச்சா வேறென்ன ஆகுமுங்க?" என்றார். "அடக் கெரகமே, எங்கிட்டக்கூட சொல்லுல பாருங்க இந்த மனுசன்!" என்று சரஸ்வதியம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த வீட்டில் யாருக்கும் குடல் இருப்பதாகவே தெரியாது. இப்போது மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினோம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மீனா, "அத்தை, எனக்கும்தான்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைத் துப்பியதையும் சொன்னாள். சரஸ்வதியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தானே கண்ணு தண்ணி எடுத்துக் குடுத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்பிடி ஏமாத்திப்போட்டயே."

கோபத்தில் சொன்னதில்லை. கோபமாக இருந்திருந்தால் மீனா அப்படி அழுதிருக்கமாட்டாள். சரஸ்வதியம்மா எழுந்து உள்ளே போனார். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் கம்மஞ்சோறு. முதல் உருண்டையை மீனாவின் தட்டில் வைத்துவிட்டுத்தான் எனக்கு வைத்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவிநாசியில், மீனா வழக்கமாகப் பார்க்கும் பெண் டாக்டரிடம் போனோம். பூண்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். உள்ளே நான்கு பேரும் போனோம், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? மீனா சொல்லி முடித்ததும் டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"முதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்பேனேம்மா. நீங்களா நிறுத்தினா நான் எதைப் பார்த்து வைத்தியம் பண்றது?"

வேறு வகை இரும்பு மாத்திரை எழுதினார். காலையில், டீ இல்லாமல், எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடச் சொன்னார். மலத்தை இளக்க, கர்ப்பிணிகளுக்குப் பாதகமில்லாத ஒரு சிரப். கீரை, பயறு, கொய்யா, நிறையத் தண்ணீர், காலை மாலை நடை. கழிவறையில் காலுக்கு ஒரு முக்காலி, முக்கக் கூடாது. மீனா ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரோடு போன் கால். வருகிற உணர்ச்சியை அதற்காகத் தினமும் தள்ளிப்போட்டிருக்கிறாள். "பையர் காத்திருப்பான், குடல் காத்திருக்காது" என்றார் டாக்டர்.

சரஸ்வதியம்மா விளக்கெண்ணெய் ஒரு சொட்டுக் கொடுக்கலாமா என்றார். நான் என் சூரணத்தை விசாரித்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டோம். "ரெண்டும் கூடாது. நீங்களும் அந்தச் சூரணத்தை அடிக்கடி போடாதீங்க சார்." குப்புசாமி மெல்ல வெளியே நழுவப் பார்த்தார். "ரத்தம் வந்தா அது மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க" என்று அவருக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் பயணங்களிலேயே சுகமானவை. காலையில் ராகிக் களி, மத்தியானம் கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு. சரஸ்வதியம்மா ஊர் சிரிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க சம்பந்திக்குக் கம்மஞ்சோறுதானுங்க உசுரு" என்று பெருமை பேசினார். கழிவறை வாசலில் யாரும் காவல் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நான் மனிதனானேன். மீனாவுக்கு வியாழக்கிழமை. அன்று குப்புசாமி கடைவீதிக்குப் போய் அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தார். காரணம் கேட்ட மாப்பிள்ளைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் காவிரிக்கரையில் வெள்ளைச் சோறுதான் கௌரவம். இங்கேயும் விருந்தென்றால் அதே வெள்ளைதான். வித்தியாசம், இவர்கள் நல்ல சோற்றை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் அதைத் தொலைத்தே விட்டோம். ஊர் திரும்பியதும் கம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு எனக்கு ரயில். ஆறரைக்கே பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. உள்ளே சரஸ்வதியம்மா வழக்கம்போல ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் எலுமிச்சைத் தண்ணீருமாக வந்தார். மீனா வாங்கி விழுங்கினாள். பிறகு, யாரும் கேட்காமலே, அவர் முன்னால் வாயை அகலமாகத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

சரஸ்வதியம்மா பார்க்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாய மூடு கண்ணு. நான் தண்ணி குடுக்கத்தான் வந்தேன், சோதன போட வருல."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மீனா திறந்த வாயை மூட மறந்து நின்றாள். என் மகளைப் பற்றிய பயம் எனக்கு அந்த இடத்தில்தான் விட்டது. கார் ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை குப்புசாமி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தேன்.